வேடு கட்டிய துணியும் தேன்மெழுகும்

மாவடு ஊறும் ஜாடியின் வாயில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழுத்தைச் சுற்றி நூலால் இறுக்குவதற்குத் தமிழில் வேடு கட்டுதல் என்று பெயர். பழைய வேட்டியின் ஓரத்தில் கிழித்த துண்டு போதும். எறும்பு ஏறாது, தூசி விழாது, உள்ளே நுரைக்கும் காற்று வெளியேற வழியிருக்கும். மாதக்கணக்கில் நிற்க வேண்டிய பண்டத்தைக் காக்கும் பொறுப்பை நம் சமையலறைகள் ஒரு முழத் துணியிடம் ஒப்படைத்திருந்தன. அந்தத் துணியில் தேன்மெழுகைப் பூசினால் என்ன கிடைக்குமோ, அதுதான் இன்று மேல்நாட்டுக் கடைகளிலும் நம் நகரங்களின் இயற்கை அங்காடிகளிலும் 'பீஸ்வாக்ஸ் ராப்' என்ற பெயரில் அழகாக மடித்து விற்கப்படுகிறது. பிளாஸ்டிக் படலத்துக்கு மாற்று என்று சொல்கிறார்கள். சொல்வது உண்மையா? எந்த நிபந்தனையில் உண்மை? மைசூர் அக்ரஹாரம் போன்ற ஒரு பழைய குடியிருப்பை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைப் பார்ப்பது பயனுள்ளது. தேன், மெழுகு, பருத்தித் துணி, இலை, உணவு ஆராய்ச்சி, குப்பைமேடு ஆகிய அனைத்தும் அந்த இடத்தைச் சுற்றியே இருக்கின்றன.

அக்ரஹாரம் மைசூர் அரண்மனையை ஒட்டிய பழைய பகுதிகளில் ஒன்று. நூற்றொரு கணபதி கோயிலும் வாணி விலாஸ் மார்க்கெட்டும் அங்கே உள்ள அடையாளங்கள். கன்னடம் பேசும் வீடுகளுக்கு நடுவே, தலைமுறைகளாகத் தமிழைத் தங்கள் போக்கில் பேசிவரும் ஐயங்கார் வீடுகளும் அங்கு உண்டு. கொஞ்சம் வடக்கே போனால் தேவராஜா மார்க்கெட். மைசூர் மல்லிகையும் மைசூர் வெற்றிலையும் நஞ்சன்கூடு ரசவாழையும் புவிசார் குறியீடு பெற்ற பண்டங்கள். மூன்றுமே சீக்கிரம் வாடுகிறவை. இவற்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு மூன்று நாள் காப்பாற்றுவது எப்படி என்பது அந்த ஊருக்கு மிகப் பழைய பிரச்சினை. ஈரத் துணியும் வாழை மட்டையும் வாழை இலையும் அதற்கு விடையாக இருந்தன. பிளாஸ்டிக் வந்தபின் விடை ஒன்றாகச் சுருங்கியது.

கர்நாடக அரசு 2016 மார்ச்சில் பிறப்பித்த தடை ஆணை, நாட்டின் கடுமையான பிளாஸ்டிக் தடைகளில் ஒன்று. பைகள், கொடிகள், தட்டுகள், கோப்பைகள், கரண்டிகள், தெர்மகோல் ஆகியவற்றோடு, உணவின் மேல் ஒட்டிச் சுற்றும் கிளிங் ஃபிலிமையும் பெயர் சொல்லித் தடுத்தது. எத்தனை மைக்ரான் கனம் என்ற விலக்குகூட அதில் கிடையாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 14 பொருட்கள் மீதான தடையிலும், உணவுப் பொருட்களைக் கட்டும் பிளாஸ்டிக் தாள் இடம்பெற்றது. ஆனால் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் வந்த மத்திய அரசின் தடைப் பட்டியலில் இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பாக்கெட் ஆகியவற்றைச் சுற்றும் படலம் இருக்கிறதே தவிர, சமையலறையில் கிண்ணத்தின் மேல் ஒட்டும் படலம் இல்லை. ஒரு சட்டம் தடுத்ததை இன்னொரு சட்டம் பேசாமல் விடும்போது, கடைக்காரரும் வாங்குபவரும் தங்களுக்கு வசதியான பக்கத்தில் நின்றுகொள்கிறார்கள். தடை எழுதப்பட்ட பிறகும் அந்தச் சுருள் கடைகளில் கிடைத்துக்கொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த இடத்தில் வேறு என்ன வைப்பது என்று தடைகள் சொல்லாமல் விட்டது.

அந்தப் படலம் பிறந்த கதை கவனிக்கத்தக்கது. 1933இல் அமெரிக்காவின் டவ் நிறுவன ஆய்வகத்தில் ரால்ஃப் வைலி என்ற மாணவர் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு குடுவையில் படிந்திருந்த பொருள் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நீரும் காற்றும் புகாத அந்தப் பொருள் முதலில் வேறு வேலைகளுக்குப் பயன்பட்டு, 1953இல் சரன் ராப் என்ற பெயரில் வீட்டுச் சமையலறைக்கு வந்தது. கழுவிப் போகாததே அதன் சிறப்பு. அதுவே அதன் கேடும்கூட. பின்னாளில் அந்த வணிகப் பெயரை வாங்கிய எஸ்.சி. ஜான்சன் நிறுவனம், குளோரின் கலந்த அந்தப் பொருளைப் பற்றிய கவலையால் 2004இல் சாதாரண பாலித்தீனுக்கு மாறியது. புதிய படலம் பழையதைப் போல இறுக ஒட்டவில்லை. விற்பவரே தயங்கிக் கைவிட்ட ஒன்று அந்தப் பழைய படலம்.

மெல்லிய படலத்துக்கு மறுசுழற்சி என்பது பெயரளவில்தான் உண்டு. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 2019இல் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு ஏறத்தாழ 35 கோடி டன். அதில் உண்மையில் மறுசுழற்சியாகி மீண்டும் பொருளானது 9 சதவீதம். கனமான பாட்டில்களையும் குடங்களையும் பொறுக்குபவர் தேடி எடுக்கிறார், எடைக்குக் காசு கிடைக்கிறது. சாம்பார் ஒட்டிய, காற்றில் பறக்கும் படலத்தை யார் குனிந்து எடுப்பார்? அது சேரும் இடம் மைசூருக்குத் தெரிந்த இடம்தான். 2015 ஆகஸ்டில் வெளியான 476 நகரங்களின் தூய்மைப் பட்டியலில் மைசூர் முதலிடம் பெற்றது. 2016இல் 73 பெருநகரங்களுக்கான பட்டியலிலும் முதலிடம். கும்பாரகொப்பலில் குப்பையைக் கையால் தரம் பிரித்து உரமாக்கும் மையம் நாடெங்கும் பேசப்பட்டது. அதே மைசூரில், அக்ரஹாரத்துக்குத் தெற்கே வித்யாரண்யபுரத்தின் சீவேஜ் ஃபார்மில் பல ஆண்டுக் குப்பை மலையாகக் குவிந்து, அக்கம்பக்கத்தார் நாற்றத்தோடு வாழ வேண்டியிருந்தது. நல்ல மாநகராட்சி, ஒழுங்கான மக்கள், பாராட்டுப் பத்திரங்கள் எல்லாம் இருந்தும் அந்த மேடு வளர்ந்தது. வீட்டு வாசலைத் தாண்டிவிட்ட படலத்துக்கு எந்த ஊரிலும் நல்ல முடிவு இல்லை. அது வாசலுக்குள் வராமல் இருக்க வழி வேண்டும்.

இப்போது மெழுகைப் பார்ப்போம். தேன்மெழுகு எங்கிருந்தோ தேனீ சேகரித்து வரும் பொருள் அன்று. அதன் உடம்பிலேயே ஊறுவது. கூட்டில் பிறந்து ஏறத்தாழ 12 முதல் 18 நாள் ஆன வேலைக்காரத் தேனீயின் அடிவயிற்றில் நான்கு ஜோடிச் சுரப்பிகள் உள்ளன. அவற்றிலிருந்து மெல்லிய செதில்களாக மெழுகு வழிந்து இறுகும். அதைக் காலால் எடுத்து, வாயில் மென்று பதமாக்கி, அறுகோண அறைகளைக் கட்டுகிறது. ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் ஆறு முதல் எட்டு கிலோ தேனை உண்ண வேண்டியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மெழுகை மலிவான பொருளாக நினைக்கும் தவறை அது தடுக்கும். தேனீ அந்த அறையில் தேனை நிரப்பி, சிறகால் விசிறி நீர்ப்பதத்தைச் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகு, அறையின் வாயை மெழுகாலேயே மூடுகிறது. தேனீ கட்டும் வேடு அது. மனிதன் துணியில் மெழுகு பூசி உணவை மூடுவது, அந்தப் பூச்சி கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையின் நீட்சி என்றே சொல்லலாம்.

மெழுகு எப்படி உணவைக் காக்கிறது? நறுக்கிய காய் கெடுவதற்கு முன் வாடுகிறது. வாடுவது என்பது நீர் வெளியேறுவது. கொழுப்பும் மெழுகும் நீராவியைத் தடுப்பதில் கெட்டிக்காரர்கள். இதற்கு ஆய்வகச் சான்று தேடி அலைய வேண்டாம், சாம்பல் பூசணி போதும். அதன் தோலில் படிந்திருக்கும் வெண்பொடி ஒரு மெழுகுப் பூச்சு. முற்றிய காயைப் பறித்து நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதில் அதற்குப் பங்கு உண்டு. பழங்களின் மேல் மெழுகுக் குழம்பு பூசி அவற்றின் ஆயுளை நீட்டும் முறையை வளர்த்தெடுத்ததில் மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துக்கும் பங்கு உண்டு. 1950 அக்டோபரில் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பட்ட அந்த நிலையம் அக்ரஹாரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. மெழுகுத் துணி பிளாஸ்டிக் படலத்தைப் போல முழுக்க அடைப்பதில்லை. ஈரத்தைப் பெரும்பாலும் பிடித்து வைத்து, கொஞ்சம் மூச்சுவிடவும் செய்கிறது. கொத்தமல்லி, கறிவேப்பிலை, வெற்றிலை, பாதி அரிந்த வெள்ளரி, பிசைந்த சப்பாத்தி மாவு, தொடுத்த மல்லிகை போன்றவற்றுக்கு அந்த நடுநிலை ஏற்றது. படலத்துக்குள் வியர்த்து அழுகும் கீரை, மெழுகுத் துணிக்குள் வியர்ப்பது குறைவு.

செய்முறை எளிது. வெளிநாட்டு உற்பத்தியாளர்கள் பருத்தித் துணியில் தேன்மெழுகு, பைன் மரப் பிசின், ஹொஹோபா எண்ணெய் மூன்றையும் உருக்கிப் பூசுகிறார்கள். கனடாவின் அபீகோ நிறுவனம் 2008இலும், அமெரிக்காவின் வெர்மான்டில் பீஸ் ராப் நிறுவனம் 2012இலும் இதைத் தொழிலாக்கின. மெழுகு நீரைத் தடுக்கும், எண்ணெய் அது வெடிக்காமல் வளையச் செய்யும், பிசின் ஒட்டும் தன்மை தரும். மெழுகு, பிசின், எண்ணெய் என்ற இந்த மூவர் கூட்டணி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலைக்கு முதலில் செய்யும் மெழுகு வடிவம் தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்ததுதான். விரலுக்கு வளைய வேண்டும், ஆனால் நிற்கவும் வேண்டும் என்ற அதே தேவைக்கு அதே விடை. மெழுகு தோய்த்த துணிக்கு மெழுகுசீலை என்ற பழஞ்சொல்லும் நம்மிடம் உண்டு. ஆகவே இதை வெளியூர்ப் புதுமையாக வணங்கி வாங்கவேண்டிய தேவை இல்லை. நம் கைவேலையின் பக்கத்து வீட்டுப் பொருள் அது.

ஆனால் கைவேலை என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. மெழுகுத் துணிக்கு எதிரான மிக வலுவான சான்று 2021இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஹன்னா ஃபெட்னர், ஷெலி மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள், ஒருமுறை பயன்படுத்தி எறியும் சமையலறைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு மாற்றாக விற்கப்படும் 12 பொருட்களின் முழு ஆயுளையும் கணக்கிட்டார்கள். எத்தனை முறை பயன்படுத்தினால் மாற்றுப் பொருள் தன் சுற்றுச்சூழல் கடனை அடைக்கும் என்பதே கேள்வி. ஒன்பது பொருட்கள் அடைத்துவிட்டன. மூன்று அடைக்கவே இல்லை. அந்த மூன்றில் மெழுகுத் துணி ஒன்று. செலவாகும் ஆற்றல், நீர், வெப்ப வாயு என்று எந்தக் கணக்கிலும் அது ஒருமுறைப் பிளாஸ்டிக்கை முந்தவில்லை. ஒவ்வொரு முறையும் கையால் கழுவும் நீரும், அதைச் சூடாக்கும் ஆற்றலும், புதிய பருத்தியும் சேர்ந்து அதைக் கீழே இழுத்தன. இதேபோல் டென்மார்க் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு சாதாரணப் பருத்திப் பை எல்லா வகைத் தீங்கும் சேர்ந்த கணக்கில் பிளாஸ்டிக் பையை வெல்ல 7,100 முறை பயன்பட வேண்டும் என்றது.

இந்த ஆய்வுகளைக் கண்டு மெழுகுத் துணியை விரும்புபவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது தவறு. அவை சொல்வதை ஏற்றுக்கொண்டு, எங்கே கணக்கு மாறும் என்று தேடுவதே நேர்மையானது. ஒரு சதுர அடி அளவுள்ள துணியில் பருத்தி சுமார் 10 கிராம் இருக்கும். ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியாக 10,000 லிட்டர் நீர் செலவாகிறது. இந்தியாவில் அதன் இரு மடங்குக்கும் மேல். அப்படியானால் கைக்குட்டை அளவுள்ள ஒரு புதிய துணியிலேயே 100 முதல் 200 லிட்டர் நீர் மறைந்திருக்கிறது. அந்த நீரைத் திரும்பப் பெற எந்தக் கழுவலும் உதவாது. ஆனால் துணி ஏற்கெனவே பல ஆண்டு வேட்டியாக உடுத்திக் கிழிந்தது என்றால் அந்தக் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. எட்டு முழ வேட்டி ஒன்றில் நைந்த இடங்களைக் கழித்தாலும் நாற்பது துண்டுகள் தேறும். நைந்த பருத்தி மெழுகை நன்றாகக் குடிக்கும் என்பது கூடுதல் வசதி. பாலியெஸ்டர் கலந்த வேட்டி மட்டும் வேண்டாம். அது மக்காது, பிறகு நாம் எதை மாற்றினோம் என்ற கேள்வி வரும்.

அடுத்தது கழுவுதல். அமெரிக்க வீட்டில் சூடான நீர் குழாயில் வருகிறது, அதை வைத்தே அங்கே கணக்கு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகும். வெந்நீரில் கழுவினால் துணி துணியாகவும் மெழுகு சாக்கடையாகவும் பிரிந்துபோகும். ஆகவே மெழுகுத் துணியை வெந்நீரில் கழுவக்கூடாது என்பது சட்டமே. வெற்றிலையும் கீரையும் சுற்றிய துணியைக் கழுவவே வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து நிழலில் கொடியில் போட்டால் போதும். குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொரு நாளும் அலசுபவருக்கு மிச்சிகன் கணக்கு அப்படியே பொருந்தும். அவர் பிளாஸ்டிக்கை விடக் கூடுதல் நீரைச் செலவழிக்கிறார். மேலும், அந்த மூன்று கணக்குகளில் இடம்பெறாத ஒன்று உண்டு. எறிந்த பொருள் எங்கே போய்ச் சேர்கிறது, எத்தனை தலைமுறை அங்கே கிடக்கிறது, எந்த மாட்டின் வயிற்றுக்குள் போகிறது என்பது ஆற்றல், நீர், வாயு என்ற மூன்று பத்திகளிலும் பதிவாவதில்லை. வித்யாரண்யபுரத்துக் குப்பைமேட்டை அருகில் வைத்துக்கொண்டு வாழ்பவர்களுக்கு நான்காவது பத்தியும் தேவை.

மூன்றாவது, மெழுகு எங்கிருந்து வருகிறது என்பது. இங்கே மைசூருக்கு உள்ள வாய்ப்பு மிகச் சில நகரங்களுக்கே உண்டு. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் குடகின் விராஜ்பேட்டையில் 1936இல் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கத்தின் பெயரே குடகு தேன், மெழுகு உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம். தேனுக்கு இணையாக மெழுகையும் பெயரில் வைத்தவர்கள் அதன் மதிப்பை அறிந்திருந்தார்கள். எச்.டி. கோட்டை, நாகரஹொளே பக்கத்துக் காடுகளில் வாழும் ஜேனு குருபர்களின் பெயரிலேயே தேன் இருக்கிறது. கன்னடத்தில் ஜேனு என்றால் தேன். கிழக்கே பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர்கள் மலைத்தேனீயின் தேன் எடுப்பதில் தேர்ந்தவர்கள். மலைத்தேனீயின் ஒற்றைப் பெரிய அடையில் தேன் மேற்பகுதியிலும், முட்டையும் புழுவும் கீழ்ப்பகுதியிலும் இருக்கும். தேன் உள்ள பாகத்தை மட்டும் அறுத்துக் கீழ்ப்பகுதியை விட்டுவைத்தால் கூட்டம் பிழைக்கும். அடையோடு அறுப்பதால் காட்டுத் தேனெடுப்பில் மெழுகும் கணிசமாகக் கிடைக்கிறது. தேனுக்கு விலை பேசும் சந்தை, மெழுகைப் பெரும்பாலும் துணைப்பொருளாகவே பார்க்கிறது.

பக்கத்து மெழுகு வேண்டும் என்பதில் உணர்ச்சிக்கு மேலான காரணம் இருக்கிறது. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பரிசோதித்த மெழுகு மாதிரிகளில் 98 சதவீதத்தில், தேனீக்களைத் தாக்கும் உண்ணிக்கு எதிராகத் தேனீ வளர்ப்பவர்களே கூட்டில் வைத்த பூச்சிக்கொல்லிகளின் எச்சம் இருந்தது. மெழுகு கொழுப்புத் தன்மை கொண்டது. அத்தகைய ரசாயனங்களை உறிஞ்சி ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளும். மருந்து வைக்கும் பெட்டிகளோடு தொடர்பில்லாத காட்டுக் கூடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. இன்னொரு தொல்லை கலப்படம். தேன்மெழுகில் பாரஃபின் கலப்பது பழைய வணிகப் பழக்கம். பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அது பூசிய துணியை வாங்குபவர் பிளாஸ்டிக்கை வாசலில் நிறுத்திவிட்டு அதன் சொந்தக்காரரை உள்ளே அழைக்கிறார். யார் எடுத்த மெழுகு என்று தெரிந்தால் இந்தச் சந்தேகம் குறையும். 1993இல் தொடங்கி, நீலகிரியின் கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அமைப்பு, தேன் எடுக்கும் பழங்குடியினரோடு இத்தனை ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை இதற்கு நல்ல முன்மாதிரி. கொடைக்கானலில் ஹூப்பூ ஆன் எ ஹில் என்ற சிறு நிறுவனம் பளியர்கள் சேகரிக்கும் தேனையும் மெழுகையும் அடிப்படையாக வைத்து மெழுகுத் துணி உறைகளைச் செய்கிறது. இந்த மலை ஊர்களில் சாத்தியமானது, குடகும் பிலிகிரி மலையும் எட்டும் தூரத்தில் இருக்கும் மைசூரில் சாத்தியமாகாமல் போகக் காரணம் இல்லை.

எல்லோரும் மெழுகுத் துணிக்கு மாறினால் தேனீக்கள் என்ன ஆகும் என்று கேட்பது நியாயமானது. ஒரு சதுர அடித் துணிக்கு 15 கிராம் மெழுகு என்று வைத்துக்கொள்வோம். மைசூரில் இரண்டு லட்சம் வீடுகள், வீட்டுக்கு ஆண்டுக்கு மூன்று துணி என்றால் 9 டன் மெழுகு வேண்டும். அதைச் சுரக்கத் தேனீக்கள் உண்ணவேண்டிய தேன் ஐம்பது டன்னைத் தாண்டும். ஒரே நகரத்தின் கணக்கு இது. 1991-92இல் சாக்புரூட் வைரஸ் பரவியபோது தென்னிந்தியாவில் பெட்டிகளில் வளர்த்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. குடகும் மார்த்தாண்டமும் அந்த அடியை மறக்கவில்லை. அத்தகைய உயிரின் மீது ஒரு புதிய நாகரிகத்தின் பசியை ஏற்றக்கூடாது. ஆகவே மெழுகுத் துணி படலத்தின் எல்லா வேலைகளையும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதே என் முடிவு. மீந்த குழம்புக்கு எவர்சில்வர் சம்படம் இருக்கிறது. கிண்ணத்தை மூடத் தட்டு இருக்கிறது. கட்டுச்சோற்றுக்கு வாழையிலையும் தையல் இலையும் இருக்கின்றன. இவை எதற்கும் தேனீ தேன் குடிக்கவேண்டியதில்லை. இவற்றால் முடியாத இடங்கள் சில உண்டு. பாதி அரிந்த பூசணி, உருண்டு வழுக்கும் மாவு, ஃபிரிட்ஜின் வறண்ட காற்றில் கறுக்கும் வெற்றிலை, பள்ளிக்கூடப் பையில் போகும் ரொட்டி. அங்கேதான் மெழுகுத் துணிக்கு வேலை. அப்படிப் பார்த்தால் வீட்டுக்கு இரண்டு துணி, அவையும் மெழுகை மீண்டும் பூசிப் பூசி ஓட்டுபவை, போதும். தேவை பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

சுத்தம் பற்றிய அச்சத்தை ஒதுக்க முடியாது. தேன்மெழுகுக்குக் கிருமிகளைத் தடுக்கும் குணம் ஓரளவு உண்டு என்று விளம்பரங்கள் பெரிதாகச் சொல்கின்றன. கொதிநீரில் கழுவ முடியாத ஒரு துணியை அந்த ஒரு வரியை நம்பி எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவது ஆபத்து. மீன், இறைச்சி, முட்டை, தயிர்சாதம், சூடான எதுவும் அதன் மேல் படக்கூடாது. அக்ரஹாரத்து வீடுகளில் மடி, பத்து, எச்சில் என்று பொருட்களைப் பிரித்து வைக்கும் பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தின் சாதி சார்ந்த பக்கத்தை ஏற்க முடியாது. ஆயினும் சமைத்ததைத் தொட்ட துணி வேறு, சமைக்காததைச் சுற்றும் துணி வேறு என்ற சமையலறைப் பிரிவு மெழுகுத் துணிக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. சமைக்காத காய், இலை, பூ, மாவு, உலர்ந்த பண்டம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டால் பயம் இல்லை. பழைய செய்தித்தாளில் சுற்றுவதை ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அச்சு மை உணவில் இறங்குவதால் 2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிகள் செய்தித்தாளைத் தடுத்திருக்கின்றன. பிளாஸ்டிக்கை விட்டவர்கள் பலர் செய்தித்தாளுக்குப் போனதைப் பார்க்கையில், மாற்று என்ற பெயரில் வரும் எல்லாவற்றையும் இப்படிச் சோதிப்பது அவசியம் என்று தோன்றுகிறது.

தேனைத் தொடாத சமணர்களுக்கும், உயிரினப் பொருட்களைத் தவிர்ப்பவர்களுக்கும் மெழுகுத் துணி உதவாது. அவர்களுக்கு இலையும் சம்படமும் உண்டு. பனை வகை ஒன்றின் இலையில் கிடைக்கும் கார்னோபா மெழுகும் உண்டு, அது பிரேசிலிலிருந்து வரவேண்டும் என்பதுதான் குறை. மற்றபடி அபிஷேகத்திலும் பஞ்சாமிர்தத்திலும் தேன் ஊற்றும் வீடுகளுக்கு மெழுகு தீட்டாகாது.

விலை இன்னொரு தடை. கடையில் மூன்று துணி கொண்ட ஒரு கட்டு சில நூறு ரூபாய். படலச் சுருள் அதைவிடக் குறைவு, மாதக்கணக்கில் வரும். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் மெழுகுத் துணி வசதியானவர்களின் பொருளாகவே நின்றுவிடும். பழைய வேட்டியும் கால் கிலோ மெழுகும் வீட்டில் இருந்தால் செலவு மெழுகுக்கு மட்டும். கர்நாடகத்தில் ஸ்திரீ சக்தி என்ற பெயரில் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் 2000ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றன. அப்பளமும் ஊறுகாயும் செய்துபழகிய கைகளுக்கு இது கடினமான வேலை அல்ல. வாணி விலாஸ் மார்க்கெட்டில் காய் வாங்க வருபவர் தன் பழைய துணியைக் கொடுத்து மெழுகு பூசி வாங்கிச் செல்லும் ஏற்பாடு ஒன்று இருந்தால், புதுத் துணி என்ற பெருங்குறையும் விலை என்ற தடையும் சேர்ந்தே விலகும். கத்திக்குச் சாணை பிடிப்பது, பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போல இதுவும் ஒரு பூச்சு வேலையாக, தெருவில் கூவிச் செய்யும் தொழிலாக இருக்க முடியும்.

செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணி தானாக ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே வெளிநாட்டுக் கலவையில் பிசின் சேர்க்கிறார்கள். பிளாஸ்டிக் படலம் ஒட்டுகிறது, ஆகவே இதுவும் ஒட்ட வேண்டும் என்ற எண்ணம். தூபத்துக்கு விற்கும் குங்கிலியத்தை வாங்கிச் சேர்க்கலாமா என்று நம்மவர்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். புகைபோட விற்கும் பொருளை உண்ணும் பண்டத்தின் தரத்தில் யாரும் சோதிப்பதில்லை. ஒட்டும் தேவையையே விட்டுவிடலாம் என்பேன். வேடு கட்டிய துணி ஒட்டியதா? நூல்தான் பிடித்தது. மெழுகும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் மட்டும் பூசிய துணியைக் கிண்ணத்தின் மேல் போட்டு நூலால் கட்டினால் பிசின் இல்லாமலே வேலை முடிகிறது. மெழுகை நேரடித் தீயில் உருக்கக்கூடாது, தீப்பிடிக்கும். கொதிக்கும் நீரில் ஒரு பாத்திரத்தை வைத்து அதற்குள் உருக்க வேண்டும். உருகியதைத் துணியில் தடவி, இரு தாள்களுக்கு நடுவே வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை இழுத்தால் சமமாகப் பரவும். அந்தப் பாத்திரமும் தூரிகையும் இனி மெழுகுக்கே. அவற்றைத் தேய்த்து மெழுகைச் சாக்கடைக் குழாயில் விட்டால் அங்கே போய் உறைந்து அடைக்கும்.

ஓராண்டில் துணியில் மடிப்பு விழுந்த கோடுகளில் மெழுகு உதிர்ந்து வெளுப்புத் தெரியும். மறுபடி கொஞ்சம் மெழுகைத் துருவித் தூவி இஸ்திரி போட்டால் இன்னும் ஓராண்டு வரும். சென்னை, வேலூர் போன்ற ஊர்களின் சித்திரை வெயிலில் துணி பிசுபிசுக்கும். மைசூரின் தட்பவெப்பம் அந்த வகையில் மெழுகுக்கு இணக்கமானது, ஆனால் அங்கும் அடுப்பு மேடையிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் துணி நூல்நூலாகப் பிரியும்போது, அதைக் கிழித்துத் தோட்டத்தில் கறிவேப்பிலைச் செடியின் அடியில் புதைக்கலாம். கையகலத் துண்டுகளாக முறுக்கி வைத்தால், மழைக்காலத்தில் ஈர விறகு பற்றிக்கொள்ள அதைவிட நல்ல திரி கிடையாது.